பாறை தானாகவே உயரமா, நான் ஏற நினைத்ததால் உயரமா? சார்த்தரும் மெர்லோ-போந்தியும்

ஓடைக்கல்:

இருத்தலியல் (மனிதனின் இருப்பையும் சுதந்திரத்தையும் மையமாக வைக்கும் தத்துவம்) என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் பிரெஞ்சு எழுத்தாளர்கள் சார்த்தர், காம்யு சண்டையோடு முடிந்துவிடுகிறது. 1952-இல் நடந்த அந்தச் சண்டை பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. தத்துவமாகப் பார்த்தால் அதைவிடப் பெரிய விரிசல் சார்த்தருக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான மோரிஸ் மெர்லோ-போந்திக்கும் இடையில்தான் விழுந்தது. இந்த இழை அதைப் பற்றி.

சார்த்தர் 1905-இல் பிறந்தவர், மெர்லோ-போந்தி 1908-இல். இருவரும் பாரிஸில் எகோல் நோர்மால் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் படித்தார்கள். அனுபவத்தை அது தோன்றுகிறபடியே விவரிக்கும் 'நிகழ்வியல்' என்ற முறையைத் தொடங்கிய ஜெர்மன் தத்துவவாதி ஹஸ்ஸர்ல்தான் இருவருக்கும் வழி காட்டினார். 1941-இல், ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், 'சோஷலிசமும் சுதந்திரமும்' என்ற சின்ன எதிர்ப்புக் குழுவில் சேர்ந்து இயங்கினார்கள். குழு சீக்கிரமே கலைந்துபோனது, நட்பு நின்றது. 1945 அக்டோபரில் 'லெ தாம் மொதெர்ன்' இதழைச் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 1953-இல் கடிதத்தில் திட்டிக்கொண்டு பிரிந்தார்கள்.

அரசியலால் பிரிந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. பொய்யில்லை. ஆனால் சண்டை வெளியே தெரிவதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, ஒரு பாறையைப் பற்றிய சில பத்திகளில் அது அச்சாகியிருந்தது.

சார்த்தரின் 'இருத்தலும் இன்மையும்' 1943-இல் வந்தது. அதில் ஒரு செங்குத்துப் பாறை வருகிறது. அதை நகர்த்த நினைப்பவனுக்கு அது தடை. அதன்மேல் ஏறி நின்று சுற்றுப்புறத்தைப் பார்க்க நினைப்பவனுக்கு அதுவே துணை. இரண்டையும் நினைக்காதவனுக்கு அது தடையும் இல்லை, துணையும் இல்லை. ஆகவே தடை என்பது பாறையிடம் இல்லை, நான் போட்ட திட்டத்தால் வந்தது. தடையைக் காட்டி 'எனக்குச் சுதந்திரம் இல்லை' என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் தடையே என் சுதந்திரத்தின் பிள்ளை.

மெர்லோ-போந்தியின் 'புலனறிதலின் நிகழ்வியல்' 1945-இல் வந்தது. அதன் கடைசி அத்தியாயம் சுதந்திரம் பற்றியது. சார்த்தரின் பெயரைப் பெரிதாக இழுக்காமல், அதே பாறையைக் கையில் எடுக்கிறார். நான் ஏற முடிவெடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, அந்த மலைகள் எனக்கு உயரமானவைதான், ஏனென்றால் என் உடம்பின் பிடிக்குள் அவை அடங்கவில்லை. வால்தேரின் கதையில் சிரியஸ் நட்சத்திரத்திலிருந்து ஒரு ராட்சதன் வருவானே, அந்தக் கதையை இப்போதுதான் படித்து முடித்தேன் என்றாலும் மலையை என்னால் சின்னதாகப் பார்க்க முடியாது என்கிறார்.

நான் முடிவெடுப்பதற்கு முன்னாலேயே உலகத்துக்கு ஓர் உயரம், தாழ்வு, எட்டும், எட்டாது என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டது என் உடம்பு, நான் இல்லை. சுயம், புலனறிவு, சுதந்திரம் மூன்றிலும் இவர்கள் பிரிவது இந்த இடத்திலிருந்துதான் என்பது என் வாதம். அடிக்கலாம், வாருங்கள்.


கணக்கர்:

தத்துவம் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். உடம்பும் 'நான்'தானே? உடம்பு போட்ட உயரத்தை நான் போட்டதாக எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதானே சார்? பெயர் மாறியதற்கு இத்தனை வருடச் சண்டையா?


தீக்குச்சி:

கணக்கர், நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சார்த்தரிடம் 'நான்' என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஓடைக்கல் அதைத் தாண்டி நேராகப் பாறைக்குப் போய்விட்டார்.

சார்த்தர் 1936-37-இல் ஈகோ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முப்பது வயதை ஒட்டி எழுதியது. என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே கூர்மையான கட்டுரை. டிராமைப் பிடிக்க ஓடுகிறேன் என்று வையுங்கள். அந்த நொடியில் என் பிரக்ஞையில் என்ன இருக்கிறது? பிடிக்க வேண்டிய டிராம் இருக்கிறது. 'நான்' இல்லை. அப்புறம் நின்று மூச்சு வாங்கி 'நான் ஓடினேன்' என்று திரும்பிப் பார்க்கும்போதுதான் அந்த 'நான்' வருகிறது. அதுவும் உள்ளே குடியிருக்கும் ஆளாக வரவில்லை. மேஜை நாற்காலி போல வெளியே, உலகத்தில் கிடக்கும் பொருளாக வருகிறது. என் சுபாவம், என் கோபம், என் குணம் எல்லாம் அப்படிப் பின்னால் கோத்தவை.

பிரக்ஞைக்கு உள்ளடக்கம் கிடையாது. அது எப்போதும் வெளியே எதையோ நோக்கிப் பாய்வது, அவ்வளவுதான். அதனால்தான் அது சுதந்திரம். உள்ளே ஒன்றும் இல்லாததை எது தள்ளும்?

புலனறிவிலும் அதே கதை. சார்த்தர் சொல்லும் காபிக்கடை: நாலு மணிக்கு பியரைச் சந்திக்க வேண்டும், கால் மணி நேரம் தாமதமாக உள்ளே நுழைகிறேன். பியர் நேரம் தவறாதவன். கடை முழுக்கத் தேடுகிறேன். முகங்கள், மேஜைகள், புகை, தட்டுச் சத்தம் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. பியர் 'இல்லை' என்பதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கண்ணால் பார்க்கிறேன். வெலிங்டன் பிரபுவும்தான் அந்தக் கடையில் இல்லை. ஆனால் அது வெறும் வாக்கியம், பார்வை இல்லை. எதிர்பார்த்து வந்தவன் ஒருவன் இருப்பதால்தான் உலகத்தில் 'இல்லை' என்பது தோன்றுகிறது.

உடம்பும் நான்தானே என்று கேட்டீர்களே, சார்த்தர் அதை மறுக்கவில்லை. நான் என் உடம்பாகவே வாழ்கிறேன் என்கிறார். ஆனால் உடம்பு தன்பாட்டில் எனக்காக முடிவெடுத்து வைத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தக் கதவைத் திறந்தால் அதன் வழியாக எல்லாச் சாக்கும் வந்துவிடும். மெர்லோ-போந்தி அந்தக் கதவைத்தான் திறந்தார்.


நடைவண்டி:

நான் இயன்முறை மருத்துவர். தத்துவக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. மெர்லோ-போந்தியிடம் என்னை இழுத்துப் போனது ஸ்நைடர் என்ற நோயாளி.

முதல் உலகப் போரில் குண்டுச் சிதறல் தலையின் பின்பக்கம் பாய்ந்த ஜெர்மன் சிப்பாய் அவர். கெல்ப், கோல்ட்ஸ்டைன் என்ற இருவர் அவரை ஆராய்ந்து எழுதினார்கள். மெர்லோ-போந்தி அந்தக் குறிப்புகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். ஸ்நைடரின் மூக்கில் கொசு உட்கார்ந்தால் கை டக்கென்று அங்கே போகும். 'மூக்கைச் சுட்டிக் காட்டுங்கள்' என்றால் முடியாது. தோல் பணப்பை தைக்கும் வேலை செய்தார், கத்தரிக்கோலும் ஊசியும் கையில் சரியாக ஓடும். ஆனால் வேலைக்கு வெளியே, சும்மா ஒரு கையசைவு கேட்டால் தடுமாறுவார்.

இது புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும். 'சீப்பால் தலை வாருவதுபோலச் செய்து காட்டுங்க பெரியப்பா' என்றால் கை காற்றில் எங்கெங்கோ அலையும். பாவம், முகம் சுருங்கிவிடும். சீப்பையே கையில் கொடுத்துவிடுங்கள், அழகாக வகிடு எடுப்பார். 'டாட்டா காட்டுங்க' என்று கேட்டால் வராது. நான் கிளம்பும்போது தானாகக் கை உயரும். கையில் பலக்குறைவு இல்லை, நான் சொன்னது புரியாமலும் இல்லை.

அப்படியானால் மூக்கு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? மெர்லோ-போந்தி சொல்வது: தெரியும், ஆனால் அது 'நான் நினைக்கிறேன்' வகைத் தெரிதல் இல்லை, 'என்னால் முடியும்' வகைத் தெரிதல். நினைக்கும் ஆளுக்கு முன்னாலேயே முடிகிற ஆள் ஒருவர் உடம்பில் இருக்கிறார். சந்துக்குள் ஆட்டோ ஓட்டுகிறவர் இருபக்கமும் அளந்து பார்த்தா நுழைகிறார்? வண்டியின் அகலம் அவர் தோளின் அகலமாகவே ஆகியிருக்கும். பார்வையற்றவரின் கைத்தடியையும் புத்தகத்தில் இப்படித்தான் சொல்கிறார். பழகிய பின் தடி கையில் பிடித்த பொருள் இல்லை, தொடும் இடமே அதன் நுனிக்குப் போய்விடுகிறது.

தீக்குச்சி தம்பி சொன்ன டிராம் ஓட்டத்தில் 'நான்' இல்லை என்பது சரி. ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை என்பது சரியில்லை. ஓடுகிற கால் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் தாவினால் படியில் கால் வைக்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலை விட்டுவிட்டுப் பிரக்ஞை காலியானது என்றால் எப்படி?


தீக்குச்சி:

அக்கா, மூளையில் அடிபட்டவரை வைத்துச் சுதந்திரத்தை மறுப்பது எனக்கு உடன்பாடில்லை. சார்த்தரிடம் களைத்துப்போன நடைப்பயணி ஒருவன் வருகிறான். நண்பர்களோடு மணிக்கணக்காக நடக்கிறான், கடைசியில் பையை வீசிவிட்டு வழியோரம் விழுகிறான். மற்றவர்களுக்கும் அதே களைப்புதான். இவன் ஏன் விழுந்தான்? 'முடியவில்லை' என்பது பதில் இல்லை என்கிறார். களைப்பை எப்படி வாழ்வது என்பதில் அவனுடைய மொத்த வாழ்வின் போக்கும் இருக்கிறது. அவன் வேறு மாதிரி செய்திருக்கலாம், ஆனால் அதற்கு என்ன விலை கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. ஒருவேளை தன்னையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு விலை. சார்த்தருக்குப் பாரம் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவர்கள்.


ஓடைக்கல்:

நடைப்பயணி நல்ல உதாரணம், அதற்கு வருகிறேன். இருவரும் ஆளுக்கொரு பெண்ணைப் பற்றி எழுதியதை முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சார்த்தரின் பெண், ஓர் ஆணோடு முதல் சந்திப்புக்கு வருகிறாள். அவன் நோக்கம் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவன் அவள் கையைப் பிடிக்கிறான். கையை இழுத்துக்கொண்டால் மாலை கெட்டுவிடும், விட்டுவைத்தால் சம்மதம் என்றாகும். அவள் கையை அப்படியே விட்டுவிட்டு, அது தன் கை என்பதையே கவனிக்காதவளாக, வாழ்க்கையைப் பற்றி உயர்ந்த விஷயங்கள் பேசுகிறாள். கை ஒரு பொருளாக அங்கே கிடக்கிறது. இது சுய ஏமாற்று என்கிறார் சார்த்தர். தன்னிடமே பொய் சொல்வது.

மெர்லோ-போந்தியின் பெண், மனநல மருத்துவர் பின்ஸ்வாங்கர் எழுதிய ஒரு நோயாளி. காதலிக்கும் பையனைப் பார்க்கக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். அவளுக்குத் தூக்கம் போனது, பசி போனது, கடைசியில் குரலே போனது. சின்ன வயதில் ஒரு நிலநடுக்கத்தின்போதும் குரல் போயிருந்தது. குடும்பம் அவனைப் பார்க்க விட்ட பிறகுதான் குரல் திரும்பியது.

சார்த்தரின் கருவியை வைத்துப் பார்த்தால் இவளும் நடிக்கிறாள் என்றாகும், அல்லது பேசாமலிருக்கத் தேர்ந்தெடுத்தாள் என்றாகும். மெர்லோ-போந்தி இரண்டையும் மறுக்கிறார். பேசாமலிருப்பது வேறு, பேச முடியாமல் போவது வேறு. பேசாமலிருப்பவன் பேசக்கூடியவன். அவளுக்குத் தொண்டையில் நோயும் இல்லை, மனதில் திட்டமும் இல்லை. இதைத் தூக்கத்தோடு வைத்து விளக்குகிறார். நாம் தூங்க முடிவெடுத்துத் தூங்குவதில்லை. படுக்கிறோம், கண்ணை மூடுகிறோம், தூங்குகிறவன் மாதிரி மெதுவாக மூச்சு விடுகிறோம். ஒரு கட்டத்தில் தூக்கம் வந்து நம்மை எடுத்துக்கொள்கிறது. அழைப்பது நாம், வருவது நம் கையில் இல்லை.

நானும் இல்லை, வெறும் ஜடமும் இல்லை என்ற இந்த நடு இடம் சார்த்தரின் கணக்கில் கிடையாது. அவரிடம் பிரக்ஞை உண்டு, பொருள் உண்டு. நடுவில் நிற்க இடம் இல்லை.

மற்றவர்கள் விஷயத்திலும் இதே பிரிவு. சாவித்துவாரம் வழியாக ஒளிந்து பார்க்கிறேன், பின்னால் காலடிச் சத்தம், சட்டென்று நான் பார்க்கப்படும் பொருளாகிவிடுகிறேன். சார்த்தரின் இந்தக் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மெர்லோ-போந்தி ஒரு நாயைக் கொண்டுவருகிறார். நாய் என்னைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் வருவதில்லை. மனிதன் பார்த்தால் மட்டும் ஏன் கூசுகிறது? அவனோடு பேச முடியும் என்பதால். பேசக்கூடிய இருவர் பேசாமல் வெறித்துப் பார்க்கும்போதுதான் பார்வை குத்துகிறது. அது உறவு முறிந்த நிலை, உறவின் அடிப்படை இல்லை. அடிப்படை எது என்று கேட்டால், பதினைந்து மாதக் குழந்தையைக் காட்டுகிறார். அதன் விரலை விளையாட்டாகப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பதுபோல பாவனை செய்தால் அதுவும் வாயைத் திறக்கிறது. கண்ணாடியில் தன் வாயைப் பார்த்து ஒப்பிட்டதில்லை. இருந்தும் என் வாயும் அதன் வாயும் ஒரே வேலைக்கு என்று அதன் உடம்புக்குத் தெரிகிறது.


அரசமரம்:

'நான்' என்று ஒன்று இல்லை, பின்னால் கோத்தது என்பதை புத்தர் சொல்லி இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரெஞ்சுக்காரர்கள் சொன்னால்தான் நமக்குத் தத்துவம்.


மட்டுறுத்துநர்:

அநாத்ம வாதத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் தனி இழைகள் இருக்கின்றன. போன முறை என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே பாரிஸோடு நிற்போம்.


செம்பருத்தி:

ஓடைக்கல் அண்ணா, இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்தீர்கள், நன்றி. ஆனால் கவனித்தீர்களா, கையை விட்டவளும் பேசவில்லை, குரல் போனவளும் பேசவில்லை. இரண்டு ஆண்கள் அவர்களுக்குப் பதிலாகப் பேசுகிறார்கள். சார்த்தர் அவளை ஏமாற்றுக்காரி என்கிறார், அவள் கையைப் பிடித்து எதுவும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும் அந்த ஆண் எந்த ஏமாற்றில் இருக்கிறான் என்று கேட்கவே இல்லை.

கேட்டவர் சிமோன் த பொவ்வார், சார்த்தரின் வாழ்க்கைத் துணையாக இருந்த பெண்ணிய எழுத்தாளர். 1940-இல் சார்த்தரோடு நடந்த வாதத்தை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாச் சூழலும் சுதந்திரத்துக்குச் சமம் என்றால், அந்தப்புரத்தில் அடைபட்ட பெண்ணுக்குத் தன் நிலையைக் கடந்துபோக என்ன வழி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த அடைப்பைக்கூடப் பலவிதமாக வாழலாம் என்பது சார்த்தரின் பதில். அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை, பொவ்வாரும் உள்ளூர ஒப்புக்கொள்ளவில்லை. 1945 நவம்பரில் மெர்லோ-போந்தியின் புத்தகத்துக்கு 'லெ தாம் மொதெர்ன்' இதழில் பாராட்டி மதிப்புரை எழுதியதும் அவர்தான். 1949-இல் 'இரண்டாம் பாலினம்' வரும்போது உடம்பு ஒரு பொருள் இல்லை, ஒரு சூழல் என்று எழுதி, அந்தப் பார்வைக்கு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர், சார்த்தர், மெர்லோ-போந்தி மூன்று பேரையும் சேர்த்துச் சொல்கிறார். (1955-இல் மெர்லோ-போந்தி தாக்கியது 'போலிச் சார்த்தர்' ஒருவரை என்று சார்த்தருக்காக அவரே வரிந்துகட்டியதும் உண்மை. அது வேறு கதை.)

அடுத்து, மெர்லோ-போந்தி பக்கம் சாய்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த உடம்பு யாருடைய உடம்பு? கறுப்பினத்தவரான மனநல மருத்துவர், எழுத்தாளர் ஃபிரான்ஸ் ஃபனோன், பிரான்சின் லியோனில் மருத்துவம் படிக்கும்போது மெர்லோ-போந்தியின் வகுப்புகளுக்குப் போனவர். 1952-இல் வந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' புத்தகத்தில், சிகரெட் பிடிக்க வேண்டும் என்றால் வலது கையை நீட்டி மேஜையின் மறுபக்கம் இருக்கும் பெட்டியை எடுக்க வேண்டும், தீப்பெட்டி இடது இழுப்பறையில், கொஞ்சம் பின்னால் சாய வேண்டும் என்று எழுதுகிறார். அப்படியே மெர்லோ-போந்தியின் உடம்பு. யோசிக்காமல் உலகத்தில் நீளும் கை. பிறகு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, 'அம்மா, அந்தக் கறுப்பனைப் பார், எனக்குப் பயமாக இருக்கிறது' என்கிறது. அந்தக் கணத்தில் அந்த உடம்பு நொறுங்கி, அந்த இடத்தில் தோல் மட்டும் மிஞ்சுகிறது. ரயிலில் தன்னைச் சுற்றி ஓர் இடத்துக்குப் பதில் இரண்டு, மூன்று இடம் காலியாக விடுகிறார்கள் என்கிறார்.

அந்தக் குழந்தையும் ஃபனோனும் பேசக்கூடியவர்கள்தான். பேசினால் பார்வை குத்தாது என்பது எல்லாருக்கும் கிடைக்கிற வசதியில்லை. இந்த இடத்தில் எனக்குச் சார்த்தரின் சாவித்துவாரம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, விரல் கடித்த குழந்தை இல்லை.


கணக்கர்:

இந்தப் பதிவை இரண்டு முறை படித்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கச் சொன்ன ஊர்கள் நம்மிடமும் இருந்தன. அங்கே நடந்த கால் எதை 'என்னால் முடியும்' என்று தெரிந்து வைத்திருக்கும்?


நடைவண்டி:

செம்பருத்தி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபனோன் அதைச் சொல்வதற்கே மெர்லோ-போந்தியின் உடம்பு தேவைப்பட்டது. முதலில் நீளும் கை இருந்தால்தான் அது ஒடுங்கியதைக் காட்ட முடியும். சார்த்தரின் காலியான பிரக்ஞையில் எது நொறுங்கும்?


தீக்குச்சி:

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஓடைக்கல் இன்னும் தொடவில்லை.

மெர்லோ-போந்தியின் சுதந்திர அத்தியாயத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். இருபது வருடமாகத் தாழ்வு மனப்பான்மையில் வாழ்ந்தவன். அவன் இந்த நிமிடமே அதிலிருந்து வெளியே வரலாம் என்று சார்த்தர் சொல்வார். மெர்லோ-போந்தி, வரலாம், ஆனால் அதற்குச் சாத்தியம் குறைவு என்கிறார். இருபது வருடம் அவனுக்குள் படிந்து கிடக்கிறது, அது விதி இல்லை, ஆனால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 'சாத்தியம் குறைவு' என்று யார் சொல்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். மருத்துவர் சொல்லலாம். அவனே தன்னைப் பற்றிச் சொன்னால்? 'எனக்கு இருபது வருடப் பழக்கம், அதனால் நான் மாற வாய்ப்புக் குறைவு' என்று ஒருவன் தன்னைப் பற்றிப் புள்ளிவிவரம் சொல்லும்போது அவன் கணிக்கவில்லை, மாறாமலிருக்க முடிவெடுக்கிறான். தன்னைப் பக்கத்து வீட்டுக்காரன்போல வெளியிலிருந்து பார்த்துத் தப்பிக்கிறான். சார்த்தர் இதைத்தான் நாற்பது வகையில் தோலுரித்தார்.

சூதாடியை நினைத்துப் பாருங்கள். 'இருத்தலும் இன்மையும்' முதல் பகுதியில் வருகிறான். இனி ஆடுவதில்லை என்று உண்மையாகவே முடிவெடுத்தவன். மேஜைப் பக்கம் வந்ததும் அந்த முடிவு கரைவதைப் பார்க்கிறான். நேற்று எடுத்த முடிவு அங்கேயே இருக்கிறது, ஆனால் அதற்கு அவனைத் தடுத்து நிறுத்தும் சக்தி இல்லை. இன்று மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். தஸ்தயேவ்ஸ்கியின் கடிதங்களைப் படித்தால் போதும் என்கிறார் சார்த்தர். குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட யாரிடமாவது கேளுங்கள், இதைவிட உண்மையான பத்தி தத்துவத்தில் இல்லை என்பார்கள்.


ஓடைக்கல்:

தீக்குச்சி, அந்தப் பத்தி எனக்கும் பிடிக்கும். அதனாலேயே அதில்தான் சார்த்தர் மாட்டிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

நேற்றைய முடிவு இன்று என்னைக் கட்டாது என்றால், இன்றைய முடிவு நாளை கட்டாது. அப்படியானால் நான் எடுத்தது முடிவுதானா? மெர்லோ-போந்தி இதை நேராகவே எழுதுகிறார். சுதந்திரம் என்பது ஒன்றைச் செய்வது என்றால், செய்தது அடுத்த கணத்தின் சுதந்திரத்தால் உடனே அழிபடக் கூடாது. ஒவ்வொரு கணமும் மூடிய தனி உலகமாக இருந்தால், ஒரு கணம் அடுத்த கணத்தை எதிலும் ஈடுபடுத்த முடியாது. முடிவெடுத்ததும் அது எனக்குள் கொஞ்சம் படிய வேண்டும், நாளை என்னை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வு இருக்க முடியும் என்றால், இருபது வருடத் தாழ்வு மனப்பான்மையும் அதே வழியில்தான் படிந்திருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது.

மீண்ட குடிகாரரைச் சொன்னீர்கள். தினமும் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் சொல்வது நிஜம். ஆனால் அவர் இன்னொன்றும் செய்கிறார். வீட்டுக்குப் போகும் வழியை மாற்றிக்கொள்கிறார், பழைய கூட்டாளிகளைத் தவிர்க்கிறார், சாயந்திர வேளைக்கு வேறு வேலை வைத்துக்கொள்கிறார். வெறும் முடிவை நம்பாமல் பழக்கத்தை நம்புகிறார். அதையும் சுதந்திரம் என்று சொல்ல ஒரு தத்துவம் வேண்டாமா?

இன்னொன்று. அடிமை பயத்தில் அடங்கி வாழும்போதும் சுதந்திரன், சங்கிலியை உடைக்கும்போதும் அதே அளவு சுதந்திரன் என்றால், சுதந்திரச் செயல் என்று தனியாக எதையும் சுட்டிக்காட்ட முடியாது. எங்கும் இருப்பது எங்கும் தெரியாது. சார்த்தரின் நடைப்பயணி 'எந்த விலைக்கு' என்று கேட்டபோதே அளவு, கூடுதல், குறைவு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. விலை என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் ஒரே விலையாக இருக்காது. சார்த்தர் அந்தக் கதவைத் தானே திறந்துவிட்டு, உள்ளே போகவில்லை.


பழைய பேப்பர்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வரலாற்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

இரண்டு பேரும் ஒரே ஆக்கிரமிப்பைப் பார்த்து இரண்டு பாடம் படித்தவர்கள். சார்த்தர் 1940 ஜூனில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, ட்ரியர் முகாமில் இருந்து, 1941 மார்ச்சில் வெளியே வந்தார். பாரிஸ் விடுதலையானதும் 1944 செப்டம்பரில் எழுதிய கட்டுரையின் முதல் வரியே, ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்ததைவிட நாங்கள் என்றும் சுதந்திரமாக இருந்ததில்லை என்பது. நாஜி விஷம் எண்ணம்வரை கசிந்ததால் ஒவ்வொரு சரியான எண்ணமும் ஒரு வெற்றி என்று போகிறது அது.

மெர்லோ-போந்தி 1945 அக்டோபர் முதல் இதழில் போர் பற்றி எழுதிய கட்டுரையைப் படியுங்கள். 1939-இல் நாங்கள் மனிதர்களை மட்டும் பார்த்தோம், ஜெர்மானியர், யூதர், பிரெஞ்சுக்காரர் என்று பார்க்கவில்லை, அது அறியாமை என்கிறார். மற்றவர் கண்ணில் நாம் என்னவாக இருக்கிறோம் என்பதிலிருந்து தப்ப முடியாது என்றும், விழுமியங்கள் நிற்கப் பொருளாதாரமும் அரசியலும் தரை போட வேண்டும் என்றும் போர் கற்றுக்கொடுத்ததாக எழுதுகிறார். ஒரே பாரிஸ், ஒரே நாலு வருடம்.

1950-இல் கொரியப் போர் தொடங்கியதும், நடப்புச் சம்பவங்களைப் பற்றி உடனுக்குடன் எழுதுவதில்லை என்று மெர்லோ-போந்தி முடிவெடுத்தார். சார்த்தர் நேர்மாறாக 1952-இல் கம்யூனிஸ்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். 1953 கோடையில் மூன்று கடிதங்கள் போய் வந்தன. அவை 1994-இல்தான் அச்சில் வந்தன. அரசியலை விட்டு ஒதுங்கியவருக்கு எங்களைக் கண்டிக்க உரிமையில்லை என்கிறார் சார்த்தர். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியாக நிலைப்பாடு எடுப்பது, பதற்றமான காலத்தில், சுய ஏமாற்றின் ஏற்பாடாகவே ஆகிவிடும் என்று பதில் எழுதுகிறார் மற்றவர். சார்த்தரின் ஆயுதத்தாலேயே சார்த்தரைக் குத்தியிருக்கிறார். தினமும் காலையில் கைபேசியைத் திறந்ததும் ஏதாவது ஒன்றுக்கு நிலைப்பாடு எடுக்கும் நமக்கும் அந்தக் கடிதம் கொஞ்சம் உறைக்கும்.

1955-இல் மெர்லோ-போந்தி ஒரு முழு அத்தியாயம் எழுதி அடித்தார். 1956-இல் வெனிஸில் ஒரு மாநாட்டில் மறுபடி சந்தித்தார்கள். அதே வருடக் கடைசியில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் போனதும் சார்த்தரும் கம்யூனிஸ்ட் கட்சியிடமிருந்து விலகி நின்றார். 1961 மே 3 அன்று மெர்லோ-போந்தி ஐம்பத்து மூன்று வயதில் திடீரென்று இறந்தார். இதழ் அவருக்குச் சிறப்பிதழ் போட்டது. அதில் சார்த்தர் எழுதிய நீண்ட கட்டுரையில் தனக்கு அரசியலில் வழி காட்டியவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறார்.


தீக்குச்சி:

வரலாற்றுக்கு நன்றி. ஆனால் ஒதுங்கி நின்றவர் சரி, குதித்தவர் தப்பு என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்வது சுலபம். அல்ஜீரியப் போரில் பிரெஞ்சுக் காலனியாதிக்கத்துக்கு எதிராகச் சார்த்தர் குதித்ததை யாரும் இங்கே குறையாகச் சொல்லப்போவதில்லை.

ஓடைக்கல்லின் சூதாடி வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சார்த்தரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் 1943 சார்த்தரிடம் இல்லை. 1969-இல் ஒரு பேட்டியில், எந்தச் சூழலிலும் எந்த இடத்திலும் மனிதன் துரோகியாவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கச் சுதந்திரமானவன் என்று தானே முன்பு எழுதியதை மறுபடி படித்ததாகவும், இதையா நான் நம்பினேன் என்று அசந்துபோனதாகவும் சொல்கிறார். அதே பேட்டியில் சுதந்திரத்துக்குப் புதிதாக ஒரு விளக்கம் தருகிறார்: முழுக்க முழுக்கச் சூழலால் வார்க்கப்பட்ட ஒருவன், தனக்குள் போட்டதையெல்லாம் அப்படியே திருப்பித் தந்துவிடாமல் செய்யும் ஒரு சிறு அசைவு. உதாரணம் ழான் ழெனே. திருடனாக வார்க்கப்பட்டவர், கவிஞராக வந்தார்.

ஓடைக்கல், நீங்கள் இதை மெர்லோ-போந்தியின் வெற்றி என்று எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். எழுதாதீர்கள். மெர்லோ-போந்தியிடம் கனம் இருக்கிறது, சாய்வு இருக்கிறது, ஆனால் அந்தச் சிறு அசைவு ஏன் ஒருவனிடம் நடக்கிறது, அதே வார்ப்பில் வந்த இன்னொருவனிடம் நடக்கவில்லை என்று கேட்டால் அவரும் கையை விரிக்கிறார். 1943 சார்த்தராவது அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்திப் பொறுப்பு கேட்டார்.


ஓடைக்கல்:

வெற்றி என்று எழுதவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தனி ஆளுக்குள் மட்டும் இருக்கிறது என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். சித்திரவதையில் பெயர்களைச் சொல்ல மறுப்பவனைப் பற்றி இருவரும் எழுதியிருக்கிறார்கள். சார்த்தரிடம் அவன் எந்த நொடியில் உடைவது என்பதைத் தானே தீர்மானிக்கும் தனி ஆள். மெர்லோ-போந்தியிடம் அவன் தனியாக இல்லை. வெளியே இருக்கும் தோழர்களோடு, அவர்கள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல, சேர்ந்த போராட்டத்துக்குள் இன்னும் இருக்கிறான். வாய் மூடியிருப்பது அவன் சுதந்திரம்தான், ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பதில் பலர் கை இருக்கிறது. ழெனேயின் அசைவுக்கும் யாருடைய கையாவது இருந்திருக்கும்.


கணக்கர்:

எங்கே ஆரம்பிப்பது? 'இருத்தலும் இன்மையும்' பிரெஞ்சில் எழுநூறு பக்கத்துக்கு மேல் என்கிறார்கள். என் வயசுக்கு அது ஆகாது.


நடைவண்டி:

முழுசாகப் படிக்க வேண்டாம் சார். சார்த்தரிடம் சூதாடி வரும் முதல் பகுதியும், பாறையும் நடைப்பயணியும் வரும் நாலாம் பகுதியின் தொடக்கமும். மெர்லோ-போந்தியிடம் கடைசி அத்தியாயத்தை நேராக அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஸ்நைடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அந்த அத்தியாயம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும்.


செம்பருத்தி:

அதோடு ஃபனோனின் ஐந்தாம் அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பினக் கவிதைகளுக்கு 1948-இல் சார்த்தர் எழுதிய முன்னுரையோடு அவர் மல்லுக்கு நிற்பதும் அங்கேதான். அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன், தீக்குச்சி அங்கே வந்து சண்டை போடவும்.